எனக்கில்லாத வருத்தத்துக்கு மச்சாள் பிடித்த விரதம்

என் மார்பை நான் ஒப்பரேஷன் செய்து பெரிதாக்கிக்கொண்டேன். நோய், வருத்தம் என்று ஏதும் இருந்து செய்ததல்ல. ஆசைப்பட்டேன், செய்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், லண்டனில், யாழ்ப்பாணத்துக் குடும்பப் பெண் ஒருத்தி இப்படிச் செய்தாள் என்று வாசித்தால் இன்றைக்கும் சிலருக்கு முகம் சுழியும். சுழியட்டும். செய்ததை நினைத்து எனக்கு ஒருநாளும் வெட்கம் வந்ததில்லை. ஆனால் ஒப்பரேஷன் ஒரு காலையோடு முடிந்துவிட்டது. அதிலிருந்து எழும்பி வந்த வாரங்களில் நடந்ததுதான் சொல்ல வேண்டிய கதை.

அதற்கு முதல் தோள் பஞ்சைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எண்பதுகளில் பெண்களின் கோட்டு, மேற்சட்டை எல்லாவற்றிலும் தோளில் தடித்த பஞ்சு வைத்துத் தைத்திருப்பார்கள். நான் அப்போதுதான் ஹவுன்ஸ்லோவுக்கு வந்து, விமானப் பயணிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி அனுப்பும் ஒரு பெரிய கிச்சினில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மலிவு விற்பனையில் வாங்கிய கோட்டு ஒன்றிலிருந்து அந்தப் பஞ்சை உருவி எடுத்து, என் சேலைச் சட்டைக்குள் வைத்துத் தைத்தேன். வெள்ளைக்காரி தோளுக்கு வைத்ததை நான் கொஞ்சம் கீழே இறக்கினேன், அவ்வளவுதான்.

பள்ளிக்கூட நாளிலேயே என்னைப் பலகை என்றுதான் கூப்பிடுவார்கள். மகளுக்குப் பால் கொடுத்து மறக்கப்பண்ணிய பிறகு, இருந்த கொஞ்சமும் போய்விட்டது. பலகை என்று யாரும் கூப்பிடாத ஊருக்கு வந்த பிறகும் தோளை முன்னால் மடித்துக் கூனி நடக்கிற பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. என் கணவரின் மூத்த அக்கா, அதாவது என் மச்சாள், என்னைக் காணும்போதெல்லாம் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "நிமிர்ந்து நட பிள்ளை, என்னத்தைத் தேடிக்கொண்டு நடக்கிறாய்?" என்று கேட்பார். சிரித்து வைப்பேன்.

பஞ்சு பல வருடம் எனக்கு விசுவாசமாக இருந்தது. காலை வாரியது ஒரு கலியாணவீட்டில். மாப்பிள்ளை பொம்பிளைக்கு ஆலாத்தி எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். தட்டைத் தூக்கி மூன்று சுற்றுச் சுற்றி இறக்கினேன். வீடியோக்காரர் கிட்ட வந்து பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வீடியோவைப் பிறகு மச்சாள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பார்த்தபோதுதான் கண்டேன்: ஒரு பக்கத்துப் பஞ்சு இருந்த இடத்தில் இருந்தது, மற்றது கையைத் தூக்கிய தூக்கில் கமக்கட்டுக்குப் போய்விட்டது. வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்தவர்களும் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மேல்மாடிக் குளியலறைக்குப் போய் இரண்டையும் செய்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு இறங்கும்போது முடிவு எடுத்துவிட்டேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"எனக்கு நீர் இப்பிடியே வடிவுதானே. பிறகேன் உமக்கு உந்த வேலை?"

"உங்களுக்காகச் செய்யேல்லை. எனக்காகச் செய்யிறன்."

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. என் ஓவர்டைம் உழைப்பில் செய்யப்போகிறேன் என்றதும் பேச்சு முடிந்தது. நல்ல மனிதர். வாய்தான் திறக்காது. டொக்டரைப் பார்க்கப் போனபோது, அந்த நெட்டை மனிதர் என்னிடம் கேட்கிற கேள்வியை எல்லாம் என் கணவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இவர்தான் வற்புறுத்திக் கூட்டிவந்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். தன் சொந்த அக்கா வீட்டில் இரண்டாம் தரம் சோறு கேட்கவே கூச்சப்படுகிற மனிதர் அங்கே காதுவரை சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். இந்த ஒப்பரேஷனைக் கேட்டது நான், என்னைப் பார்த்துப் பேசுங்கள் என்று டொக்டரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தே பேசினார்.

மயக்கம் தெளிந்தபோது யாரோ என் நெஞ்சில் ஒரு மூட்டை அரிசியை வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. மூச்சை முழுக்க இழுக்க முடியவில்லை. குமட்டிக்கொண்டு வந்து சத்தி எடுத்தேன். சத்தி எடுக்கிறபோது வந்த நோவில், ஏன் இந்த வேலை பார்த்தேன் என்று ஒரு கணம் நினைத்தேன். பொய் சொல்லக் கூடாது, நினைத்தேன். நேர்ஸ் வந்து தலையணையை உயர்த்தி வைத்து, எல்லாம் நன்றாக நடந்தது என்றாள். குனிந்து பார்த்தேன். கட்டுத் துணிதான் தெரிந்தது. ஆனால் அந்தத் துணி மேடாக இருந்தது. அதைப் பார்த்ததும் நோவு குறைந்துவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கொஞ்சம் குறைந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கை என்றால் என்ன என்று தெரிந்தது. தோளுக்கு மேலே கையைத் தூக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மல்லாந்துதான் படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தேயிலைப் போத்தல் மேல் தட்டில் இருக்கிறது, எட்டாது. சோறு வடிக்க முடியாது. புட்டுக்கு மாக் குழைக்க முடியாது. தலை இழுத்துப் பின்ன முடியாது. மகளின் பின்னலைக் கணவர் பின்னிவிடுவார். அது பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் அவிழ்ந்துவிடும். என் தலையைக் குளியலறைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்து அவரே தோய்த்துவிட்டார். காதுக்குள் தண்ணீர் போகாமல் ஒரு கையால் காதைப் பொத்தி, மற்றக் கையால் தோய்ப்பார். கலியாணம் கட்டி அத்தனை வருடத்தில் அவர் என் தலையைத் தொட்டுத் தோய்த்தது அதுதான் முதல் தடவை. சிரிக்க வைக்காதீர்கள் என்று கெஞ்சுவேன், சிரித்தால் தையல் இழுக்கும். அவர் என்ன சொன்னாலும் அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வந்தது.

கட்டு அவிழ்த்த பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். பயந்துபோனேன். வீங்கி, மினுங்கி, கழுத்துக்குக் கிட்ட ஏறி நின்றன. தொட்டால் கல்லு. தொடுகிறது விரலுக்குத் தெரிகிறது, நெஞ்சுக்குத் தெரியவில்லை. வீக்கம் வற்ற வற்ற இறங்கி வரும், மெத்தென்று ஆகும், உணர்ச்சியும் திரும்பும் என்று நேர்ஸ் சொல்லியிருந்தாள். சொன்னபடியே ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. கடிதான் தாங்க முடியவில்லை. தையல் காய்கிற கடி, சொறியவும் கூடாது. ஆனாலும் தினமும் குளிக்கப் போகிற சாட்டில் கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணாடி பார்ப்பேன். முன்னாலிருந்து ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை. அந்த வயதில், ஒரு பிள்ளை பெற்ற பிறகு, என்னை நானே ஆசையாகப் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு என்ன கூச்சம்?

மச்சாளிடம் கணவர் போனில் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். கட்டு அவிழ்க்க முதல், வீட்டுக்கு வந்த புதிதில், நான் சோபாவில் படுத்திருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இவவுக்கு ஒரு ஒப்பரேஷன். இல்லையில்லை, பயப்பிட ஒண்டுமில்லை. பெம்பிளையளின்ரை விசயம். என்ன? அது எனக்குச் சொல்லத் தெரியாது அக்கா. சரி, வைக்கிறன்."

மச்சாள் என் கணவரை விடப் பதினைந்து வயது மூத்தவர். தாய் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். எங்களுக்கு முதலே லண்டனுக்கு வந்து மனோர் பார்க்கில் வீடு எடுத்து, அங்கிருந்த முருகன் கோயிலைத் தன் இரண்டாவது வீடாக்கிக்கொண்டவர். கோயிலில் யாருடைய சேலை முந்தானை நழுவினாலும் முதலில் அவருடைய கைதான் அதை இழுத்து மூடும். ஐயர் கூட அவர் வருகிறார் என்றால் குரலைச் சரிசெய்துகொள்வார். எனக்கு அவரில் பயமும் உண்டு, அன்பும் உண்டு.

போன் வைத்த அடுத்த நாளே வந்து நின்றார். மனோர் பார்க்கிலிருந்து ஹவுன்ஸ்லோவுக்கு லண்டனின் ஒரு தலையிலிருந்து மற்றத் தலைக்கு வர வேண்டும். புண் ஆறக் கொடுக்கிற சரக்குக் கறிச் சட்டியைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு ரெயில் மாறி வந்திருக்கிறார். முழுப் பெட்டிக்கும் மிளகும் உள்ளியும் மணத்திருக்கும். நான் எழும்பப் பார்த்தேன். கையை ஊன்ற முடியாமல் திரும்பச் சரிந்தேன். வீட்டுச் சட்டையின் கழுத்துக்குள்ளால் கட்டுத் துணியின் விளிம்பு தெரிந்தது. மச்சாளின் கண் அதில் போய் நின்றது.

"எழும்பாதை பிள்ளை. படு. எல்லாம் நான் பாக்கிறன்" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

எங்கள் ஆட்கள் அந்த வருத்தத்தின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். கான்சர் என்ற சொல்லை வீட்டுக்குள் விட்டால் வருத்தமும் கூடவே வந்துவிடும் என்று ஒரு பயம். பெரிய வருத்தம் என்பார்கள், அந்த வருத்தம் என்பார்கள், அதிகம் போனால் கண்ணால் ஒரு சாடை. என் ஒப்பரேஷனுக்கும் எங்கள் வீட்டில் பெயர் இல்லை. அதையும் யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லக் கூடாத ஒன்று இருந்த இடத்தில் சொல்லக் கூடாத மற்றொன்றை மச்சாள் தூக்கி வைத்துவிட்டார். கேட்கவும் மாட்டார், கேட்காததை நான் எப்படி மறுப்பது? அவர் அப்படி நினைக்கிறார் என்பதே எனக்கு அப்போது தெரியாது.

எனக்கு முதல் சந்தேகம் வந்தது அவர் காட்டிய அன்பால்தான். என் சமையலறைக்குள் வந்தால் குறை பிடிக்காமல் போகிற மனிதர் அல்ல. கறிக்குத் தூள் காணாது, திரைச்சீலை ஊத்தை, மகளின் பாவாடை கட்டை என்று ஏதாவது இருக்கும். இந்த முறை ஒன்றும் இல்லை. என் தலையைத் தடவிவிட்டார். கத்தரிக்காயும் இறாலும் புண்ணுக்கு ஆகாது, தொடாதே என்று மட்டும் சொன்னார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதுவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றார். வெங்காயம் உரித்த தடயம் எங்கும் இல்லை.

பிறகு போன்கள் வந்தன. மூன்று வருடமாகப் பேசாதவர்கள் எல்லாம் பேசினார்கள். எல்லோருக்கும் ஒரே தாழ்ந்த குரல். மனோர் பார்க்குக்குப் பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து, மச்சாளோடு கோயிலில் பூக்கட்டுகிற ஒரு அக்கா எடுத்தார். சுற்றி வளைத்து எதையெதையோ கேட்டுவிட்டுக் கடைசியில், "தலைமயிர் கொட்டுதோ பிள்ளை?" என்றார்.

நான் என் பின்னலைத் தூக்கிப் பார்த்தேன். கணவர் கோணலாகப் பின்னிவிட்டிருந்த, கையளவு தடித்த பின்னல். அப்போதுதான் எனக்கு எல்லாம் வெளித்தது.

கணவரிடம் சொன்னபோது அவருக்கும் அதிர்ச்சிதான். ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "விடும். தாங்களாத்தானே நினைக்கினம். நாங்கள் ஒரு பொய்யும் சொல்லேல்லையே" என்றார். அவர் சொன்னதிலும் ஒரு வசதி இருந்தது. அந்த வருத்தம் வந்தவளுக்கு எங்கள் ஆட்களிடம் தனி மரியாதை. ஆசைப்பட்டு இப்படி ஒன்றைச் செய்தவளுக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பேசாமல் இருந்தால் நான் பாவம், தைரியசாலி, முருகன் காப்பாற்றிய பெண். வாயைத் திறந்தால் வெட்கம் கெட்டவள். அதுவும் மச்சாளின் தம்பி பெண்சாதி வெட்கம் கெட்டவள் என்றால், கோயிலில் மச்சாளின் தலையும் அல்லவா குனியும்? ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு ஆசைப்பட்டு, இவ்வளவு நோவு தின்று நான் பெற்றதை எல்லோரும் இழவு மாதிரி விசாரித்தால் ரோசம் வராதா? எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியாமல் இருந்தேன்.

தொடங்கி வைத்தது கந்தசஷ்டி. விரதம் தொடங்கிய அடுத்த நாள் மச்சாள் வந்தார். வாசலில் நின்றபோதே அவருடைய உதடு வெடித்துக் காய்ந்திருந்ததைக் கண்டேன். சோபாவில் உட்காரும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"தேத்தண்ணி போடுறன் மச்சாள்."

"வேண்டாம் பிள்ளை. விரதம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மச்சாளுக்குச் சீனி வருத்தம். இளவயதில் ஆறு நாளும் உபவாசம் இருந்தவர்தான். ஆனால் ஒருமுறை கோயிலிலேயே மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, இனி இந்த விரதம் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதன் பிறகு அவர் பிடிக்கவில்லை.

"உங்களைப் பிடிக்க வேண்டாமெண்டெல்லோ டொக்டர் சொன்னவர்? குளிசை போட்டனீங்களோ?"

"சாப்பாடில்லாமல் குளிசை எப்பிடிப் போடுறது? அதை விடு. நேர்த்தி வைச்சுப்போட்டன் பிள்ளை. உனக்காகத்தான். உன்ரை பிள்ளை சின்னப் பிள்ளை. அதுக்குத் தாய் வேணும்." சொல்லும்போது அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. அழுகையில் நடுங்கியதா, சீனி குறைந்து நடுங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் நான்கு நாள் இப்படிப் போனால் இந்த மனிதர் எனக்கு இல்லாத ஒரு வருத்தத்துக்காகச் செத்துப்போவார் என்று மட்டும் தெரிந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மச்சாள், எனக்கு அந்த வருத்தம் இல்லை."

"ஓம், ஓம். இல்லைத்தான். முருகன் மாத்திப்போடுவான்."

"மாத்துறதுக்கு ஒண்டுமில்லை. எனக்குக் கான்சர் இல்லை மச்சாள்."

சொல்லிவிட்டேன். மச்சாள் அந்தச் சொல்லைத் துரத்துவது போலக் கையை வீசினார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அப்ப நெஞ்சிலை என்னத்தை வெட்டி எடுத்தவங்கள்?"

"வெட்டி எடுக்கேல்லை. வைச்சவங்கள்."

"என்னத்தை வைச்சவங்கள்?"

"சிலிக்கன் எண்டு ஒரு சாமான். பெரிசாக்கிறதுக்கு. எனக்கு ஆசையா இருந்தது மச்சாள். நானாக் கேட்டுத்தான் செய்தனான்."

மச்சாளின் முகத்தில் ஈயாடவில்லை. என் முகத்தைப் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தார், திரும்ப முகத்தைப் பார்த்தார்.

"தம்பி கேட்டவனோ?"

"இல்லை. அவர் ஏன் இந்த வேலை எண்டுதான் கேட்டவர்."

"சும்மா இருந்த உடம்பிலை கத்தி வைக்க விட்டனியே? உனக்கென்ன விசரோ?"

"விசரில்லை. ஆசை."

மச்சாள் மெதுவாகக் கேட்டார். "அப்ப, அந்த வருத்தம் இல்லை?"

"இல்லை."

"சத்தியமா?"

"பிள்ளையாணை இல்லை மச்சாள்."

"முருகா" என்று சோபாவில் அப்படியே சாய்ந்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று வந்தது. வாய் சிரித்தது. நான் பயந்துபோய் அவருடைய கையைப் பிடித்தேன். விரதத்தை விடச் சொல்லி எப்படிக் கெஞ்சுவது, முருகனுக்கு வைத்த நேர்த்தியை இந்த மனிதர் விடுவாரா என்று என் மனம் அடித்துக்கொண்டது. மச்சாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நான் அவனிட்டை என்ன கேட்டனான் தெரியுமோ? இவளுக்கு அந்த வருத்தம் இருக்கப்படாது எண்டு கேட்டனான். இல்லையெண்டு நீயே சொல்லுறாய். அப்ப அவன் தந்திட்டான். நேர்த்தி முடிஞ்சுது. போ, போய்த் தேத்தண்ணியைப் போடு."

தேயிலைப் போத்தல் மேல் தட்டில் இருந்தது. எனக்கு எட்டவில்லை. மச்சாளே தள்ளாடி எழும்பி வந்து எடுத்துத் தந்தார். தேத்தண்ணியும் குடித்து, இரண்டு துண்டு பாணும் தின்று, குளிசையும் போட்டு, முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறிய பிறகு என் சமையலறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "உந்தத் திரைச்சீலையை எப்ப தோய்ச்சனீ?" என்று கேட்டார். எனக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

ஆனால் வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "போறன்" என்றார். எங்கள் ஆட்கள் ஒரு வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது போயிட்டு வாறன் என்றுதான் சொல்வார்கள். வெறும் போறன் என்று சொல்வது கோபத்தில்தான். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவும் இல்லை.

"நீர் சொல்லாமல் விட்டிருக்கலாம்" என்றார் கணவர்.

"சொல்லாமல் விட்டிருந்தால் உங்கடை அக்கா உயிரோடை இருந்திருக்கமாட்டா" என்றேன்.

கந்தசஷ்டியின் கடைசி நாள் சூரன்போர். கோயிலில் கால் வைக்க இடம் இருக்காது. என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் மச்சாள் அருச்சனை செய்யச் சொன்ன அத்தனை பேரும் அங்கே நிற்பார்கள். இந்த வருடம் வீட்டிலேயே இருப்போம் என்று கணவர் சொன்னார். நான் வராவிட்டால் செத்துப்போனேன் என்று நினைத்துவிடுவார்கள் என்றேன். அந்தக் கிழமைதான் டொக்டர் என்னைப் பார்த்துவிட்டு, காயம் நன்றாக ஆறிவிட்டது, இனிக் கையைத் தூக்கலாம் என்று சொல்லியிருந்தார். அரக்குப் பட்டுச் சேலை உடுத்தேன். சட்டை புதிதாக அளவெடுத்துத் தைப்பித்தது. பஞ்சு இல்லை. அளவெடுத்த பெண் முதல் எழுதி வைத்திருந்த அளவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள்.

கோயில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. வழி விட்டார்கள், தோளைத் தடவினார்கள். பார்க்கிங் அக்கா நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பாவம், நல்ல மனம்தான் அவருக்கு.

"பாக்க வருத்தக்காறி மாதிரியே தெரியேல்லை பிள்ளை" என்றார். பிறகு என் காதுக்குள், ஆனால் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எந்தப் பக்கம் எடுத்தது?" என்றார்.

அவருக்குப் பின்னால் பூத்தட்டோடு மச்சாள் நின்றார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தலையாட்டலோடு கதையை முடித்திருக்கலாம்.

"ஒரு பக்கமும் எடுக்கேல்லை அக்கா. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நெஞ்சு சின்னன் எண்டு ரெண்டு பக்கமும் சிலிக்கன் வைச்சுப் பெரிசாக்கினனான்."

அவருடைய கை என் கையிலிருந்து நழுவியது. சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரோ ஒரு இளம் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாள். பார்க்கிங் அக்கா மெல்லத் திரும்பி மச்சாளைப் பார்த்தார். எல்லோருமே மச்சாளைத்தான் பார்த்தார்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் அந்த மண்டபத்தில் என் பெயர் என்று எனக்குத் தெரியும்.

மச்சாள் பூத்தட்டை மற்றக் கைக்கு மாற்றினார்.

"ஓம். தன்ரை ஆசைக்குச் செய்தவள், தன்ரை உழைப்பிலை. வருத்தமெண்டு பிழையா விளங்கிக்கொண்டது நான். நீங்கள் செய்த அருச்சனை ஒண்டும் வீண் போகேல்லை, ஆள் குத்துக்கல்லு மாதிரி நிக்கிறாள். வேறை என்ன அறியவேணும் உங்களுக்கு?"

யாருக்கும் வேறு ஒன்றும் அறிய வேண்டியிருக்கவில்லை. மேளம் தொடங்கியது. சூரனை மண்டபத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொண்டு ஓடினார்கள், பின்னால் வேலோடு முருகன் வந்தார். பிள்ளைகள் கத்தினார்கள். மச்சாள் கூட்டத்துக்குள்ளால் புகுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். சூரனின் தலை விழுந்து மயிலும் சேவலும் வந்தபோது எல்லோரும் அரோகரா என்று கையைத் தலைக்கு மேலே தூக்கினார்கள்.

நானும் தூக்கினேன். ஒப்பரேஷனுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நெஞ்சுக்குள் ஒரு இழுவை இழுத்தது, பிறகு விட்டது. கை முழுக்கப் போனது. எந்தப் பஞ்சும் எந்தப் பக்கமும் நகரவில்லை. சேலை முந்தானை தோளிலிருந்து கொஞ்சம் நழுவியது. மச்சாளின் கை வருவதைக் கண்டேன். இழுத்து மூடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முந்தானையின் மடிப்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, இருந்த இடத்திலேயே தோளில் நேராக வைத்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டார்.

"வடிவாத்தான் கிடக்கு" என்றார் என் காதுக்குள். "இத்தினை வருசத்திலை இண்டைக்குத்தான் நீ நிமிர்ந்து நிக்கிறாய்."

மற்றவர்கள் எல்லோரும் கையை இறக்கிவிட்டார்கள். நான் இறக்கவில்லை.